துவக்குப் பாடம் படிப்பித்தால் வீட்டுக் கடன் அடையுமா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, நான் களஞ்சியசாலையில் இரவு வேலை. மனைவிக்குப் பகுதிநேர வேலை. இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடனைப் புதுப்பித்தபோது மாதத் தவணை 600 டாலர் ஏறிவிட்டது. மூன்று வருடமாகத் துவக்கு லைசன்ஸ் வைத்திருக்கிறேன், நவம்பரில் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவேன். அந்த லைசன்ஸுக்கான பாதுகாப்புப் பாடத்தை எனக்குப் படிப்பித்தவர் ஒரு சனிக்கிழமையில் 14 பேரை இருத்திப் படிப்பித்தார், ஆளுக்கு 180 டாலர். 2,520 டாலர் ஒரே நாளில்! மாதம் இரண்டு சனிக்கிழமை செய்தாலே போதுமே. பயிற்றுநர் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்? உண்மையாகக் காசு வருமா? (ஏஜாக்ஸ், கனடா, பெயர் வேண்டாமாம்)

பதில்: தம்பி, பெருக்கலைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், கழித்தலைத்தான் போடவே இல்லை.

நானும் ஏழு வருடம் சனிக்கிழமைகளில் இந்தப் பாடத்தைப் படிப்பித்தவன், அதனால் என்னுடைய பழைய கொப்பியைப் பார்த்தே சொல்கிறேன். முதல் வருடம் உங்களிடம் 14 பேர் வரமாட்டார்கள். உங்களுக்குப் படிப்பித்தவர் அந்த 14 பேரைச் சேர்க்க எத்தனை வருடம் எடுத்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். ஆறு பேர் வந்தால் அது நல்ல சனிக்கிழமை. ஆறு பேர் என்றால் 1,080 டாலர். அதில் மண்டப வாடகை போகும். மாணவர் கையேடும் சோதனைத் தாளும் சும்மா வருவதில்லை. பொறுப்புக் காப்புறுதிக்கு வருடத்துக்கு ஒருமுறை கட்டுகிற காசையும் இந்தச் சனிக்கிழமைகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டும், பெற்றோல், மத்தியானம் எல்லோருக்கும் வாங்குகிற ரிம்ஸ் கோப்பி (வாங்கிக் கொடுக்காவிட்டால் கூகிளில் நட்சத்திரம் குறையும்), கடைசி நிமிடத்தில் வராமல் விட்டுவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்கிறவர், எல்லாம் போக என் கையில் நின்றது 600 டாலர் சொச்சம். அந்த 600க்கு நான் கொடுத்தது காலை ஏழு மணிக்கு மண்டபம் திறப்பதிலிருந்து மாலை ஆறு மணிக்குத் துடைத்துப் பூட்டுவது வரை ஒரு முழு நாள், அதோடு கிழமை முழுக்க ரெலிபோன், மின்னஞ்சல், படிவம். 16 மணித்தியாலம் என்று வையுங்கள். மணிக்கு 37, 38 டாலர், வரிக்கு முன். கெட்ட காசில்லை. ஆனால் 2,520 இல்லை.

சரி, எப்படிப் பயிற்றுநர் ஆவது? கனடாவில் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ லைசன்ஸ் வேண்டும், அதன் ஆங்கிலச் சுருக்கம் பி.ஏ.எல். எங்கள் சனம் அதைப் 'பால்' என்றுதான் சொல்லும், "பால் எடுக்கப் போனவர் இரவுதான் வந்தார்" என்று என் வீட்டில் பகிடி நடக்கும். முதல் தடவை அந்த லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கிறவர் கனேடியத் துவக்குப் பாதுகாப்புப் பாடத்தைச் சித்தியெய்தியிருக்க வேண்டும். முன்பெல்லாம் வகுப்புக்குப் போகாமல் சோதனையை மட்டும் எழுதலாம், 2015 செப்டெம்பரோடு அந்த வழியை மூடிவிட்டார்கள், இப்போது வகுப்பில் இருந்தே ஆக வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்குத் தொழில் என்று ஒன்று இருப்பதே அதனால்தான். பாடத்தை நடத்தும் உரிமை யாருக்கு என்பதை மாகாணத்தின் தலைமைத் துவக்கு அலுவலர், எல்லோரும் சி.எஃப்.ஓ என்று சொல்கிறவர், முடிவு செய்வார். ஒன்ராறியோவில் நடைமுறை வேலைகளை எஃப்.எஸ்.இ.எஸ்.ஓ என்ற அமைப்பு பார்க்கிறது, கியூபெக்கில் வேறு, அல்பேர்ட்டாவில் வேறு, ஆகவே வின்னிபெக்கில் இருக்கும் மச்சான் சொன்னதைக் கேட்டு இங்கே வேலை பார்க்காதீர்கள்.

முதலில் எஃப்.எஸ்.இ.எஸ்.ஓவைத் தொடர்புகொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் பக்கத்தில் இப்போது புதுப் பயிற்றுநர் எடுக்கிறீர்களா?" அதற்குப் பதில் வருவதற்கு முன் ஒரு சதம் செலவழிக்க வேண்டாம். பிறகுதான் மற்றதெல்லாம்: பொலிஸ் பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்றுநர்களுக்கான பயிற்சி, ஏற்கெனவே படிப்பிக்கிற ஒருவரின் வகுப்பில் உதவியாளாக நின்று பழகுவது. இந்தக் கடைசி விஷயத்தைச் சிலர் நேர விரயம் என்பார்கள். எனக்கு உண்மையாகப் படிப்பித்தது அதுதான், காசு இல்லாமல் நின்ற அந்தச் சனிக்கிழமைகள்.

நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். அனுமதி வந்துவிடும் என்ற துணிவில் படிப்பிக்கிற சாமான் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிவிட்டேன். துவக்கு வகைகளில் போல்ட், லீவர், பம்ப், அரைத் தானியங்கி, நடுவில் மடிகிற இரட்டைக் குழல், ஒவ்வொன்றிலும் சுடமுடியாதபடி செயலிழக்கச் செய்தது ஒன்று, அதோடு மருந்தில்லாத போலித் தோட்டாக்கள், பூட்டுகள், பெட்டிகள். நாலு இலக்கத்தில் போனது காசு. பிறகு ஒன்பது மாதம் அது நிலக்கீழ் அறையில் கிடந்தது, கடன் அட்டைக்காரனுக்கு மட்டும் வட்டி ஏறியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உடுப்புத் தோய்க்க அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் பெட்டியைக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போவா, அவ்வளவுதான்.

காசைவிட யோசிக்க வேண்டியது வேறொன்று. நீங்கள் இரவு வேலை செய்கிறவர். வெள்ளி இரவு வேலை முடித்துவிட்டு சனி காலை எட்டு மணிக்கு ஆறு பேர் கையில் துவக்கைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பீர்களா? அது சுடாத துவக்குத்தான், வகுப்பில் உண்மையான ரவை ஒன்றும் இருக்கக் கூடாது, இந்தப் பாடத்தில் சுடுகிற பகுதியே இல்லை. என்றாலும் அன்றைக்குப் பழகுகிற கை நாளைக்கு உண்மையானதைத் தூக்கப் போகிற கை. ஒருமுறை ஒரு பொறியியலாளர் வந்தார், எழுத்துச் சோதனையில் 50 கேள்விக்கு 49 சரி. சித்திக்கு 80 வீதம், அதாவது 40 போதும், இவர் 49. செய்முறைக்கு வந்தார், பம்ப் துவக்கைச் சரியாக எடுத்தார், குழல் வாயைச் சுவர்ப் பக்கம் பிடித்தார், விரல் விசைக்கு வெளியே, எல்லாம் கையேட்டில் உள்ளபடி. திடீரென்று ஒரு சந்தேகம் வந்து என்னிடம் கேட்கத் திரும்பினார். ஆள் திரும்பினால் துவக்கும் திரும்பும்தானே. குழலின் வாய் பக்கத்து மேசையில் இருந்த பெண்ணின் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து என் வயிற்றில் நின்றது. அவருக்கு அது தெரியவே இல்லை, கேள்வியைக் கேட்டுக்கொண்டே நிற்கிறார். ஃபெயில் போட்டேன். 49 எடுத்தவனை ஃபெயில் போடுவதா என்று அரை மணித்தியாலம் வாதாடினார்.

இதில் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு தலையிடி இருக்கிறது. ஊர்ச் சங்கத்தில் தெரிந்தவர், கோயிலில் காண்கிறவர், பிள்ளையின் நடன ரீச்சரின் தம்பி என்று வருவார்கள். "கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ அண்ணை" என்று முதல் நாள் இரவே ரெலிபோன் வரும். பார்த்துத்தான் போட வேண்டும், வேறு விதமாக. ஒரு தடவை வளைந்தால் அந்தக் கதை ஸ்காபரோ முழுக்கப் போகும், அது அலுவலகத்துக்குப் போனால் உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள். காசு தந்தவரிடமே "நீங்கள் சித்தியில்லை, திரும்ப வாருங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்ல உங்களால் முடியுமா? முடியாது என்றால் இப்போதே விட்டுவிடுங்கள், கோபிக்க மாட்டேன்.

முடியும் என்றால், வேட்டைக் கல்விப் பாடத்துக்கும் சேர்த்துப் பயிற்றுநர் ஆகப் பாருங்கள். ஒன்ராறியோவில் துவக்கோடு புதிதாக வேட்டையாட வருகிறவருக்கு இரண்டும் வேண்டும், ஒரே வார இறுதியில் இரண்டையும் முடித்துத் தருகிறவரிடம்தான் சனம் போகும். அப்புறம், இது பருவத் தொழில். முதல் லைசன்ஸுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, உண்மையில் இன்னும் இழுபடும். ஆகவே நவம்பர் மானுக்குப் போக நினைக்கிறவர் ஜூலை, ஓகஸ்டில் வருவார். வான்கோழிப் பருவம் ஏப்ரல் 25இல் தொடங்கும், அதற்கான ஆட்கள் பனிக்காலத்திலேயே வருவார்கள். டிசம்பர் மாதம் நீங்களும் கதிரைகளும்தான். வீட்டுக் கடன் டிசம்பரிலும் வரும் என்பதால் இந்த வருமானத்தை நம்பித் தவணையை வைக்காதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை வருகிற காப்புறுதி, பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணம், பனிக்கால ரயர் போன்றவற்றுக்கு ஒதுக்கினால் பொருந்தும்.

கேள்வி: ஆட்கள் காசாகத் தருவார்கள், அதை வரியில் காட்ட வேண்டுமா? எச்.எஸ்.ரி விற்பனை வரி அறவிட வேண்டுமா? (மார்க்கம்)

பதில்: முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில், ஆம். காசோ ஈ ட்ரான்ஸ்ஃபரோ, சுயதொழில் வருமானம் சுயதொழில் வருமானம்தான், ரி2125 என்ற படிவத்தில் காட்ட வேண்டும். சோதனைத் தாளில் மாணவரின் பெயர் இருக்கிறது, எத்தனை பேருக்குப் படிப்பித்தீர்கள் என்பது எழுத்தில் பதிவாகிற தொழிலில் ஒளிக்க நினைப்பதே முட்டாள்தனம். செலவுகளை அதே படிவத்தில் கழிக்கலாம், அதனால் பெற்றோல் ரிசீட்டையும் மண்டப ரிசீட்டையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். எச்.எஸ்.ரி பதிவு, தொடர்ந்த நாலு காலாண்டில் மொத்த வரவு 30,000 டாலரைத் தாண்டினால்தான் கட்டாயம், ஆறு பேரோடு மாதம் இரண்டு சனிக்கிழமை படிப்பிக்கிறவர் அந்தப் பக்கம் போக மாட்டார்.

ஆட்கள் மறக்கிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, சுயதொழிலில் சி.பி.பி ஓய்வூதியப் பங்கை முதலாளி பக்கமும் தொழிலாளி பக்கமும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும். மற்றது சி.சி.பி என்று அரசாங்கம் தருகிற பிள்ளைக் காசு. சி.சி.பி குடும்பத்தின் தேறிய வருமானத்தைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது, இந்த வருடம் மேலதிகமாக உழைத்தது அடுத்த ஜூலையிலிருந்து வருகிற காசைக் குறைக்கும். மேலே ஏஜாக்ஸ் தம்பிக்குச் சொன்ன, கையில் நிற்கிற 600 டாலரில் இதையும் கழியுங்கள். கழித்த பிறகும் ஏதோ நிற்கும், ஆனால் ஜூலையில் "என்ன, அரசாங்கம் காசைக் குறைச்சுப்போட்டான்" என்று திகைக்க வேண்டியதில்லை.

கேள்வி: கைத்துப்பாக்கிப் பாடத்துக்குக் கட்டணம் கூட என்கிறார்கள். அதைப் படிப்பித்தால் லாபம் இல்லையா? (பிராம்ப்ரன்)

பதில்: பத்து வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2022 ஒக்ரோபர் 21இலிருந்து தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதையும் கைமாற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள், 2023 டிசம்பரில் அது சி-21 என்ற சட்டமாகவும் வந்துவிட்டது. சில விலக்குகள் உண்டு, பெரும்பாலானவருக்கு இல்லை. வாங்கவே முடியாத பொருளுக்கு யார் காசு கொடுத்துப் படிப்பார்கள்? வேட்டைத் துவக்கோடு நில்லுங்கள்.

கேள்வி: என் கணவர் இந்த வேலைக்குப் போகப் போகிறேன் என்று நிற்கிறார். எனக்கு அந்தச் சாமான் வீட்டுக்குள் வருவதே பிடிக்கவில்லை. சின்ன வயதில் துவக்கோடு வந்தவர்களைக் கண்டு கட்டிலுக்குக் கீழே ஒளித்தவள் நான். "அது விளையாட்டுச் சாமான் மாதிரி, சுடாது" என்று சிரிக்கிறார். நான்தான் பயந்தாங்கொள்ளியா? (ஸ்காபரோ)

பதில்: இல்லை தங்கச்சி. சிரித்தது அவர் பிழை.

அவர் சொல்வதில் பாதி உண்மை. வகுப்புக்குக் கொண்டுபோகிற துவக்குகள் செயலிழக்கச் செய்தவை, அவற்றில் ரவை போட்டுச் சுட முடியாது. ஆனால் அவருக்கு லைசன்ஸ் இருக்கிறது, வேட்டைக்குப் போகிறார் என்றால் சுடுகிற துவக்கும் எங்கேயோ இருக்க வேண்டும். அது உங்கள் வீட்டில் என்றால் சட்டம் கேட்பது இதுதான்: ரவை ஏற்றாமல் இருக்க வேண்டும், விசைப் பூட்டுப் போட்டோ பூட்டிய பெட்டிக்குள்ளோ இருக்க வேண்டும், ரவைகளும் கைக்கு எட்டாமல் அல்லது பூட்டுக்குள் இருக்க வேண்டும். இன்றைக்கே அவரோடு கீழே போய் ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லுங்கள். திறப்பு எங்கே இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியுமா, இதைக் கேளுங்கள். "அலுமாரிக்கு மேலே பிஸ்கற் ரின்னுக்குள்" என்று பதில் வந்தால் அது பிள்ளைகளுக்குத் தெரியும் என்று அர்த்தம்.

உங்களுக்கு இதில் சொல்ல உரிமை இருக்கிறதா என்பது கேள்வியின் உள்ளே இருக்கிற கேள்வி. இருக்கிறது, விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. லைசன்ஸ் கேட்கிறவரின் மனைவியோ கணவனோ, கடந்த இரண்டு வருடத்துக்குள் கூடி வாழ்ந்து பிரிந்தவரோ யார் என்று கேட்டு அவர்களின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் விண்ணப்பம் உடனே செத்துவிடாது, ஆனால் அந்த ஆளுக்கு அறிவித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். லைசன்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. 1989 டிசம்பர் 6 மொன்றியலில் எகோல் பொலிடெக்னிக்கில் ஒருவன் 14 பெண்களைக் கொன்ற பிறகு, பெண்கள் அமைப்புகளும் தப்பியவர்களும் வருடக்கணக்கில் நின்று கேட்டதால் 1995இல் வந்த சட்டம் இது, வீட்டுக்குள் இருப்பவரின் வாய்ச்சொல்லுக்கு அதில் இடம் வைத்தது தற்செயல் இல்லை. வீட்டில் அடி, மிரட்டல் என்று ஏதும் இருந்தால் அது வேறு கதை, அதற்கு எனக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம், பொலிஸுக்கோ சி.எஃப்.ஓ அலுவலகத்துக்கோ உடனே சொல்லுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லை, வெறும் பயம்தான் என்றால், ஒரு யோசனை. வகுப்புச் சாமானை வீட்டில் வைக்காமல் வாடகைக் களஞ்சியத்திலோ கூட்டாகப் படிப்பிக்கிற இன்னொருவரின் இடத்திலோ வைக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கு மாதம் ஒரு காசு போகும், அதையும் அவர் தன்னுடைய லாபக் கணக்கில் கழிக்கட்டும். என் வீட்டில் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. அந்தப் பெட்டி போன அன்றைக்கு நிலக்கீழ் அறையில் தோசைக்கல்லும் பழைய கிரைண்டரும் வந்து உட்கார்ந்தன.

கேள்வி: தமிழிலேயே வகுப்பு நடத்தினால் எங்கள் ஆட்கள் கூட வருவார்களே? (ஸ்ரூவில்)

பதில்: கையேடு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான், ஆங்கிலச் சொல் தெரியாமல் சோதனைத் தாளைத் தாண்டுவது கஷ்டம். ஆனால் விளங்கப்படுத்துவது தமிழில் என்றால் முகம் மாறுவதைக் காண்பீர்கள். 12 கேஜ், 20 கேஜ் என்றால் எங்கள் ஆட்கள் 20தான் பெரிது என்று நினைப்பார்கள். தலைகீழ். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் 12 கேஜ் குழல், 20 உருண்டையாக்கினால் உருண்டை சின்னது, குழலும் சின்னது. இதை நான் ஆங்கிலத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள், "ஒரு இறாத்தல் மாவில் எத்தனை கொழுக்கட்டை" என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தவர் மறக்க மாட்டார். பிறகு மஞ்சள் நிறத்து 20 கேஜ் போலித் தோட்டாவைக் கையில் கொடுத்து 12 கேஜ் குழலுக்குள் போடச் சொல்லுவேன். சறுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழலில் இறுகி நிற்கும். பின்பக்கத்தால் பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். அதுக்குப் பின்னால் ஒரு 12ஐப் போட்டுச் சுட்டால் என்ன நடக்கும் என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் நிற்பேன். குழல் வெடிக்கும் என்று யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்லுவார்.

கேள்வி: எனக்கு 71 வயது. வன்னியில் அப்புவோடு இடியன் துவக்கு எடுத்துக் காட்டுக்குப் போனவன். அதெல்லாம் இந்தப் பாடத்தில் வருமா, அல்லது எனக்குத் தெரிந்தது ஒன்றுக்கும் உதவாதா? (மிசிசாகா)

பதில்: வரும் ஐயா, குழல் வாயால் மருந்து இடிக்கிற துவக்குக்குக் கையேட்டில் தனியிடமே இருக்கிறது. இங்கே அதை வைத்து மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி பறக்கிற பழைய வகை நீளத் துவக்கின் நகல் என்றால் சட்டம் அதைப் பழம்பொருளாக எண்ணும், சின்ன வெடித்தொப்பி வைத்து அடிக்கிற வகையின் இந்தக் காலத்து நகல் என்றால் லைசன்ஸ் வேண்டும். கறுப்பு மருந்துக்குப் பதிலாகப் புகையில்லா மருந்தை ஒருபோதும் போடக் கூடாது, குழல் தாங்காது.

வகுப்பில் இளம் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் எது தெரியுமா? இடியனில் மருந்து ஏற்றியிருக்கிறதா இல்லையா என்று எப்படி அறிவது என்பது. பின்பக்கம் திறக்காது, உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது. இடிகம்பியை வாய்க்குள் விட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெறுங்குழலில் கம்பி எதுவரை போகும் என்று முன்பே ஒரு கோடு கீறி வைத்திருந்தால், அந்தக் கோடு வாய்க்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. உங்கள் அப்புவின் கம்பியிலும் கத்தியால் வெட்டிய ஒரு அடையாளம் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். வகுப்புக்கு வரும்போது கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள், சோதனைத் தாளில் எழுத்து சின்னது.